வயிற்றுப்புண்ணும் மறைந்திருக்கும் கிருமியும்

வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணமென்று வைத்தியர்களே நெடுங்காலம் சாதித்து வந்தனர். 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்னும் இருவர் இரைப்பையில் வாழும் கிருமியொன்றைப் பிரித்து வளர்த்தனர். நம்பாதார் வாயடங்க, 1984-ல் மார்ஷல் அதனைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-ல் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

மலேசிய ஆராய்ச்சிகளில் இக்கிருமி மலாய்க்காரரைவிட இந்தியரிடமே மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே கோத்தா திங்கியில் வயிற்றெரிச்சலுக்குத் தாமே மாத்திரை வாங்கி விழுங்கும் நம்மவர்க்கு இஃது அயலார் கதையன்று. ஓமெப்ரசோல் போன்ற மாத்திரை அமிலத்தை அடக்கும். கிருமியை ஒடுக்குமேயன்றி ஒழிக்காது. அந்நிலையில் மூச்சுப் பரிசோதனை செய்தால் கிருமி இல்லையென்றே பொய்விடை வரக்கூடும். வைத்தியரைக் கேட்டு, இரு வாரம் அதனை நிறுத்திய பின்னரே சோதித்தல் முறை. வேடிக்கை யாதெனில், சோதனையைக் கெடுக்கும் அம்மாத்திரையே சிகிச்சையில் கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு உற்ற துணை. அமிலம் குறைந்தால் அவை நன்கு வேலை செய்யும். சிகிச்சை முடிந்து நான்கு வாரமேனும் கழித்துச் செய்யும் மறுசோதனைக்கும் அந்த இரு வார விதியே.