கடுக்காய் இறங்கிய பாதை

வாணியம்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஏலகிரி தெரியும். அப்பா முப்பது வருஷம் தோல்ஷாப்புக்குப் போய்வந்த வழியெல்லாம் அந்த மலையும் கூடவே வந்தது. ஒருநாள்கூட அவர் மேலே ஏறியதில்லை. "அங்க என்ன இருக்கு?" என்பார்.

போன மாசியில் நானும் நண்பனும் கிளம்பினோம். பஸ் வேண்டாம், 14 கொண்டை ஊசி வளைவுகளும் வேண்டாம். அடிவாரத்திலிருந்து பழைய ஒற்றையடிப் பாதையில் ஏறி, மங்கலம் வழியாகச் சுவாமிமலை உச்சியைத் தொட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது என்று திட்டம். உச்சி 4,000 அடியைக் கொஞ்சம் தாண்டும். இமயத்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அடிவாரத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது என்றால் என்ன என்று முட்டிக்குத் தெரியும்.

மலையேற்ற வரலாறு என்று தேடினால் நம் பக்கத்தில் முதலில் அகப்படுகிறவர் வில்லியம் லாம்ப்டன். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, முக்கோணம் முக்கோணமாக மேற்கே நகர்ந்தார். சென்னையிலிருந்து பெங்களூர் வழியாக மங்களூர் வரை போன அந்த வலை நம் குன்றுகளின் வழியாகத்தான் போனது. அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. அதை ஒவ்வொரு உச்சிக்கும் தூக்கிப்போன தோள்கள் யாருடையவை என்று கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை. மேலே போனதும் உடனே இறங்கிவிடவும் முடியாது. தூரத்து உச்சி மூட்டம் விலகித் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். பரங்கிமலையில் தொடங்கிய வேலைதான் இமயம்வரை நீண்டு, 1852இல் ராதாநாத் சிக்தரின் கணக்கில் உலகிலேயே உயர்ந்த சிகரமாக முடிந்தது. ஒருவரும் மிதிக்காத உச்சிக்கு 29,002 அடி என்று உயரம் எழுதிவிட்டார்கள். மனிதக்கால் பட 1953 ஆனது.

இதையெல்லாம் பேசிக்கொண்டே ஏறினோம். பாதி வழியில் ஒரு மலையாளிப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். (கேரளத்து மலையாளி இல்லை, ஜவ்வாதிலும் ஏலகிரியிலும் வாழும் பழங்குடிகளுக்கு அதுதான் பெயர்.) உச்சிக்குப் போகிறோம் என்றதும் எங்கள் காலைப் பார்த்தார்.

"இதுக்குப் போயி ஷூவா தம்பி? எங்கப்பாரு விடியறதுக்கு முன்னாடி கடுக்கா மூட்டையோட எறங்குவாரு. உப்பும் துணியும் வாங்கிக்கிட்டு பொழுது சாயறதுக்குள்ள ஏறிடுவாரு. இருட்டினா கரடி வரும்."

கடுக்காய் என்றதும் எனக்கு அப்பா ஞாபகம். எங்கள் ஊர்த் தோல் ரொம்ப காலம் கடுக்காயில்தான் முடிந்தது. பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, முடி நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் பதப்படுத்துவார்கள். ஆவாரத்தில் மட்டும் விட்டால் வெளிச்சம் பட்டுத் தோல் சிவந்துபோகும். கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டால்தான் அந்த வெளிர்மஞ்சள் நிற்கும். லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று விலைபோனது இதுதான். ஆவாரம் சமவெளியில், வேலியோரத்தில் கிடைக்கும். கடுக்காய்க்கு மலைக்குத்தான் போகவேண்டும். காட்டுப் பொருளைச் சேகரிக்கும் உரிமை குத்தகைக்காரர் கையில் இருந்த காலத்தில், பொறுக்கிக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது கூலிதான். கப்பல் ஏறிய தோலின் கணக்கு துறைமுகப் பேரேடுகளில் இருக்கும். மலை இறங்கிய மூட்டையின் கணக்கை எந்தப் பேரேட்டில் தேடுவது?

1900களின் தொடக்கத்திலேயே ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். ஆனாலும் 1970களில் சீதாராமையா குழுவுக்குப் பிறகு, அரைப்பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பின்புதான் குரோம் இங்கே முழுமூச்சாக வந்தது. வாரக்கணக்கு நாள்கணக்கானது. பாலாறு என்ன ஆனது என்பதற்கு 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதை இங்கே விரிக்கவில்லை.

நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. மங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நண்பனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மணி இரண்டரை. தண்ணீர் அரை பாட்டில். அவன் "நீ மட்டும் போய்ட்டு வாடா" என்றான். போயிருக்கலாம், ஆனால் கரடி ஞாபகம் வந்தது. திரும்பினோம். மூட்டத்தில் வாணியம்பாடியும் தெரியவில்லை, பாலாறும் தெரியவில்லை. லாம்ப்டனாக இருந்தால் கூடாரம் போட்டிருப்பார்.

வரும் வழியில் மரத்தடியில் கிடந்த நாலு கடுக்காயைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அப்பா ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார்.

"கடைசித் தண்ணி" என்றார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இதோட மரம் எப்படிடா இருக்கும்?"