தலைக்கணக்கும் சாலையும்



ஓர் ஊருக்குச் சாலை வேண்டுமானால் அங்கே எத்தனை பேர் குடியிருக்க வேண்டும்? இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் இந்தியச் சிற்றூர்கள் பலவற்றின் தலைவிதியை நிர்ணயித்த கேள்வி இதுதான். அதன் வரலாற்றை இன்று நாம் சற்றே நோக்குவோம்.

இந்தியாவில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1872ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாடு முழுவதும் ஒரே சமயத்தில் தலைகளை எண்ணும் முறை 1881இல் தொடங்கியது. அது முதல் 2011 வரை பத்தாண்டுகளுக்கு ஒரு முறை இப்பணி நடந்து வந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவின் 121 கோடி மக்களில் 83 கோடிப் பேர் கிராமவாசிகள்.

கணக்கெடுப்பையொட்டி வெளியிடப்படும் மாவட்டக் கையேடுகளில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வரி உண்டு. மக்கள் எத்தனை பேர், பேருந்து வருகிறதா, இரயில் நிலையம் உள்ளதா என்பன அதில் காணப்படும். வசதி இல்லையெனில் அது 5 கிலோமீட்டருக்குள் கிடைக்குமா, 10 கிலோமீட்டருக்கும் அப்பாலா என்பதை ஓர் எழுத்தால் குறித்திருப்பார்கள். கையேட்டில் அது ஓர் எழுத்து. பேறுகால வலியில் துடிக்கும் பெண்ணுக்கோ அது கட்டிலில் கிடத்தித் தூக்கிச் செல்ல வேண்டிய தூரம்!

1974இல் தொடங்கிய ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டம், 1,500 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கு எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலை அமைப்பதை இலக்காகக் கொண்டது. சின்னஞ்சிறு ஊர்கள் காத்திருந்தன. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் பிறந்தது. சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியிலும் பாலைவனத்திலும் பழங்குடியினர் பகுதிகளிலும் 250 பேர் என வரம்பு இறங்கியது. ஊர் என்பதற்குப் பதிலாகக் குடியிருப்பு என்பதே அலகாயிற்று. இது முக்கியமான மாற்றம். பெரிய ஊருக்குச் சாலை இருந்தும், வயல்களுக்கு அப்பால் ஒதுங்கியிருந்த சேரிக்கும் குக்கிராமத்துக்கும் வழி இல்லாத நிலை அதுவரை கணக்கில் மறைந்து கிடந்தது.

சாலை வரும்வரை மக்கள் என்ன செய்தார்கள்? பீகார் மாநிலம் கயா மாவட்டத்தில் கெஹ்லௌர் என்றொரு சிற்றூர். குன்று ஒன்று குறுக்கே நின்றதால், மருத்துவமனைக்கு மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். மனைவியை இழந்த தசரத் மாஞ்சி என்ற கூலித் தொழிலாளி, 1960இல் சுத்தியலும் உளியும் எடுத்தார். 22 ஆண்டுகள் தனியொருவராய்ப் பாறையை உடைத்து, 1982இல் ஏறத்தாழ 110 மீட்டர் நீளமுள்ள பாதையை முடித்தார். 55 கிலோமீட்டர் தூரம் 15 ஆகக் குறைந்தது. 2007இல் அவர் மறைந்தார்.

2024இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத் திட்டம், மேலும் 25,000 குடியிருப்புகளுக்குச் சாலை தர முனைகிறது. ஆனால் 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அதற்கும் 2011ஆம் ஆண்டுத் தலைக்கணக்கே அடிப்படை. அதன்பின் பிறந்து பள்ளிக்கு நடக்கும் குழந்தை அந்தக் கணக்கில் இல்லை.

பணம் அளவானது, எங்கேனும் ஒரு கோடு போடத்தான் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. எனினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பெரிய ஊரில் கடையும் பள்ளியும் மருத்துவரும் உள்ளூரிலேயே இருக்கக்கூடும். சிற்றூருக்கோ அனைத்தும் வெளியூரில்தான். ஆகவே, ஆள் குறைந்த ஊருக்கே சாலையின் தேவை அதிகம். தலைகளை எண்ணும் கணக்கு, அவர்கள் நடக்கும் தூரத்தையும் சேர்த்து எண்ணும்போதுதான் நியாயமான கணக்காகும்.