கண்ணுக்குத் தெரியாத விழுப்புண்

போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட காயத்தை 'விழுப்புண்' எனப் போற்றிய நம் முன்னோர், முதுகில் பட்டதைப் 'புறப்புண்' என்று இழிவாகக் கருதினர். இரண்டும் காயங்களே. பெயரே ஒன்றைப் பெருமையாகவும் மற்றொன்றைப் பழியாகவும் ஆக்கியது. அப்படியெனில், உடலில் தழும்பே இல்லாமல் மனத்தில் பட்ட காயத்திற்கு உலகம் என்ன பெயர் இட்டது? இவ்வினாவுக்கு முதல் உலகப் போரின் வரலாறு விடை தருகிறது.

அப்போரில் பிரிட்டிஷ் படைவீரர் பலர் வெளிக்காயம் ஏதுமின்றி நடுங்கினர். பேச்சையும் நினைவையும் இழந்தனர். 1915ஆம் ஆண்டு பிப்ரவரியில் உளவியலறிஞர் சார்லஸ் மையர்ஸ், 'லான்செட்' மருத்துவ இதழில் இந்நிலையை 'ஷெல் ஷாக்' எனக் குறித்தார். எறிகுண்டு அதிர்ச்சி என்பது அதன் பொருள். ஆனால், குண்டு வெடித்த இடத்திற்கு அருகில் இல்லாதவர்களும் இந்நிலைக்கு ஆளாயினர். எனவே அப்பெயர் போதாது என்பது விரைவிலேயே புலப்பட்டது.

ஹாரி ஃபார் என்னும் வீரர் 1915இல் இந்நோய்க்காக ஐந்து மாதங்கள் மருத்துவமனையில் இருந்தவர். மறு ஆண்டு அவரால் போர்முனைக்குத் திரும்ப இயலவில்லை. மருத்துவர்கள் நோய் என்று கண்டதை இராணுவ நீதிமன்றம் கோழைத்தனம் என்று தீர்ப்பெழுதியது. 1916 அக்டோபர் 16ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இளம் மனைவிக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. தண்டனை கணவருக்கு, பசியும் பழியும் குடும்பத்திற்கு.

மறுபுறம், எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில், மனம் பாதிக்கப்பட்ட இராணுவ அதிகாரிகளுக்கு மருத்துவர் ரிவர்ஸ் சிகிச்சையளித்து வந்தார். கொடிய நினைவுகளை மறக்க முயல்வதே துன்பத்தைப் பெருக்குகிறது என்று அவர் கண்டார். நோயாளிகளைப் பேசவிட்டுப் பரிவுடன் கேட்டார். அதே போர், அதே துன்பம். ஆயினும் கிரெய்க்லாக்கார்ட்டில் அதற்கு நோய் என்று பெயர். ஹாரி ஃபாரின் வழக்கில் குற்றம் என்று பெயர்.

வியட்நாம் போருக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. 1979இல் அமெரிக்கா, முன்னாள் வீரர்களுக்கென மருத்துவமனைகளுக்கு வெளியே ஆலோசனை மையங்களை ஏற்படுத்தியது. அடுத்த ஆண்டே அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் ஒரு நோயாக இடம்பெற்றது. வீரரின் உறக்கமின்மையும் சினமும் மௌனமும் மனைவி மக்களையும் வாட்டுகின்றன என்பதால், அம்மையங்கள் இன்று குடும்பத்தாருக்கும் துணை நிற்கின்றன.

2006ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஹாரி ஃபார் உட்பட, முதல் உலகப் போரில் சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. தந்தையின் பெயர் துலங்க இடையறாது போராடிய மகள் அதனைக் காண உயிருடன் இருந்தார், மனைவி இல்லை.

வகுப்பறையில் போர்களைக் கற்பிக்கும்போது வெற்றி தோல்விகளையும் ஆண்டுகளையும் சொல்கிறோம். 'கோழை' என்ற ஒரு சொல் ஒரு குடும்பத்தின் மீது 90 ஆண்டுகள் சுமத்தப்பட்டிருந்ததையும் சேர்த்துச் சொல்வோம். ஒரு சொல்லைத் தேர்ந்து வழங்கும் பொறுப்பு எத்தகையது என்பதை மாணவர் அப்போது உணர்வர்.