யாருக்குக் கோப்பை? பல்வங்கர் பாலுவும் ‘தகுதி’ என்கிற சொல்லும்

கோடையில் ஏரி வற்றியதும் சின்னசேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் டென்னிஸ் பால் கிரிக்கெட் தொடங்கிவிடும். இரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு போட்டியில் நம் மாலைநேரப் படிப்பு மையத்துப் பையன்கள் காலனி டீமாகச் சேர்ந்து ஆடினார்கள். ஐந்து ஆட்டத்தில் நம் பையன் ஒருவன் எடுத்தது 17 விக்கெட். தொடரிலேயே அதுதான் அதிகம். ‘தொடர் நாயகன்’ கோப்பை அவனுக்குத்தான் என்று எதிர் டீம் பையன்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் அறிவித்த பெயர் வேறு. ஊர்த்தெருவைச் சேர்ந்த பேட்ஸ்மேன்; முதல் பரிசுத் தொகையைக் கொடுத்தவரின் தங்கை மகன். நம் பையனுக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

ஒரு வாரம் மையத்தில் பாடம் நடக்கவில்லை, இந்த விவாதம்தான் நடந்தது. “அவனும் நல்லாத்தான் ஆடினான், விடுங்கண்ணா” என்று முடித்துவைக்கப் பார்த்தவனே விக்கெட் எடுத்தவன்தான். அது உண்மையும்கூட, அந்தப் பேட்ஸ்மேன் மோசமான ஆட்டக்காரன் இல்லை. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டதுதான் எங்களைப் பிடித்துக்கொண்டது: “தகுதி இருந்தா இன்னைக்கு இல்லன்னாலும் நாளைக்கு வெளிய வந்துதானே ஆகணும்? யாரால மறைக்க முடியும்?”

இடஒதுக்கீடு என்று வாயைத் திறந்தாலே நம் முன்னால் தூக்கிப்போடப்படும் சொல் இந்தத் ‘தகுதி’. பரீட்சை மதிப்பெண் என்றால் டியூஷன், ஆங்கிலம், அப்பாவின் வேலை என்று பேச ஆயிரம் இருக்கிறது. விளையாட்டில் அப்படிச் சுற்றிவளைக்க வேண்டியதில்லை. விக்கெட் விழுந்ததா, இல்லையா? எல்லார் கண்முன்னும் விழுகிறது, நோட்டிலும் ஏறுகிறது. தகுதிவாதம் எங்காவது நேர்மையாக நடந்துகொள்ள முடியும் என்றால் இங்கேதான் முடியும். நடந்துகொண்டதா என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கணக்கு இருக்கிறது.

பல்வங்கர் பாலு 1876இல் பிறந்தவர். இன்றைய கர்நாடகத்துத் தார்வாட் பகுதியில் பிறந்து புனேயில் வளர்ந்தார். சமார் என்று ஒதுக்கப்பட்ட, தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சாதி. முதலில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தில் வேலை, பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா ஜிம்கானாவில். ஆடுகளத்தைப் பெருக்குவது, உருளை இழுப்பது, வலை கட்டுவது. மாதச் சம்பளம் நான்கு ரூபாய். துரைமார்கள் பேட்டிங் பழகுவதற்குப் பந்து போட ஒரு ஆள் தேவைப்பட்டது, பாலு போட்டார். இடதுகைச் சுழற்பந்து. ஜே.ஜி. கிரெய்க் என்ற ஆங்கிலேய அதிகாரி, தன்னை ஒவ்வொரு முறை அவுட்டாக்கும்போதும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. ஆயிரக்கணக்கான பந்துகள் போட்டார் பாலு. ஒருவரும் அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. பேட்டிங் எசமானர்களின் வேலை, பந்து போடுவது கூலிக்காரனின் வேலை என்று ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வருணம் இருந்தது.

அவர் பேர் புனே முழுக்கப் பரவியதும் அங்கிருந்த இந்துக்களின் அணிக்குச் சங்கடம். வெள்ளைக்காரர்களை ஜெயிக்க பாலு வேண்டும், ஆனால் பாலு தொட்டால் தீட்டு. பிராமணர் நிறைந்த அந்த அணி கண்டுபிடித்த வழியைக் கவனியுங்கள். மைதானத்தில் எல்லாரும் அதே பந்தைத் தொடலாம். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள், பாலு வெளியே நின்று மண் குவளையில் குடிக்க வேண்டும். சாப்பாடு தனியாக, தனித் தட்டில். நம் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராடியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. இங்கே குவளையைத் தள்ளிவைத்தவர்கள் படிக்காத பாமரர்கள் அல்ல, பட்டதாரிகள் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

பிறகு பாலு பம்பாய்க்குப் போனார். பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானா அவரைச் சேர்த்துக்கொண்டது, எதிர்ப்புக்கு நடுவில்தான். 1906 பிப்ரவரியில் இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். பம்பாயின் சீர்திருத்தப் பத்திரிகையான ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ அந்த வெற்றியைச் சாதித் தடைகள் உடைவதன் அடையாளமாகவே கொண்டாடியது. உடைந்தது எவ்வளவு என்று கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

1911இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், வயது 19. பணமும் பரிவாரமும் அவருடையவை, கேப்டன் பதவியும் அதோடு சேர்ந்து வந்தது. பெரும்பாலான ஆட்டங்களில் அவர் ஆடவேயில்லை, விருந்துகளுக்குப் போனார். அணி தோற்றது அதிகம், வென்றது குறைவு. அந்தத் தோல்விகளுக்கு நடுவே பாலு எடுத்த விக்கெட்டுகள் 114, விக்கெட் ஒன்றுக்குச் சராசரி 18.84 ரன். ஊர் திரும்பியபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு நடத்தினார்கள். இளைஞர் பீமராவ் அம்பேத்கருக்கு அப்போது பாலு ஒரு நாயகன். நம்மவர் ஒருவர் உலகத்தின் முன் நின்று ஜெயிக்க முடியும் என்பதற்கு அன்று கண்ணால் காண இருந்த சாட்சிகள் மிகக் குறைவு.

முதல்தர ஆட்டங்களில் அவருடைய மொத்தக் கணக்கு: 33 ஆட்டம், 179 விக்கெட், சராசரி 15.21. இந்துக்கள் அணியில் அவருக்கு நிகரான அனுபவம் வேறு யாருக்கும் இல்லை. ஆனால் பம்பாயின் மும்முனை, நான்முனைப் போட்டிகளில் வருடாவருடம் கேப்டன் பதவி பேச்சுக்கு வரும்போது பாலுவின் பெயர் எழும், அடங்கும். கேப்டன் ஆனவர் எம்.டி. பை என்கிற பிராமணர். 1913இல் அவரைப் பாராட்டி நடந்த கூட்டத்திலேயே, இந்தப் பொறுப்பு பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று பை சொன்னார். சொன்னவரை மதிக்கிறோம். ஆனால் பதவியில் இருப்பவரே சொல்லியும் தேர்வுக்குழு அசையவில்லை என்பதுதான் நமக்குப் பாடம்.

பாலுவுக்குப் பின்னால் அவருடைய தம்பிகளும் ஆட வந்தார்கள். அவர்களில் சிவராமும் விட்டலும் முன்னணி ஆட்டக்காரர்கள். 1920இல் விஷயம் வெடித்தது. முதல் ஆட்டத்துக்கு வயதைக் காட்டி பாலுவை நீக்கினார்கள். பைக்கு உடல்நலம் சரியில்லை. அடுத்த தகுதி விட்டலுக்குத்தான் என்று பலரும் எதிர்பார்க்க, டி.பி. தேவ்தர் கேப்டன் ஆக்கப்பட்டார். அவர் புனேயின் பிராமணர், கல்லூரிப் பேராசிரியர். விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். சும்மா விலகவில்லை, சாதியால்தான் ஒதுக்கப்படுகிறோம் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டு விலகினார்கள். விளையாட்டில் அரசியல் கூடாது என்று இன்று நமக்கு உபதேசம் செய்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்: 1920இல், தங்கள் ஆட்ட வாழ்க்கையைப் பணயம் வைத்து, இரண்டு தலித் ஆட்டக்காரர்கள் செய்த வேலைநிறுத்தம் இது. பத்திரிகைகளில் வாதம் மூண்டது. இறுதி ஆட்டத்துக்கு பை திரும்பி வந்தார், பாலு துணைக் கேப்டன் ஆக்கப்பட்டார், தம்பிகளும் திரும்பினார்கள். பை வேண்டுமென்றே சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியேறினார். அந்த நேரத்துக்கு பாலு அணியை நடத்தினார்.

பதினைந்து வருட உழைப்புக்கு, ஒருவர் வெளியே போய் நின்ற சில மணி நேரம். 1923இல் விட்டல் கேப்டனாக்கப்பட்டார், அந்த வருடமே இந்துக்கள் நான்முனைக் கோப்பையை வென்றார்கள். அண்ணனுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை.

இது நம் நாட்டு நோய் மட்டும்தானா என்று ஒரு தங்கை கேட்டாள், வெள்ளிமலையிலிருந்து இறங்கிவந்து படிப்பவள். இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து என்று ஒன்று ஆடுகிறார்கள். பெயரில்தான் கால், பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. அதில் வருடத்தின் மிகச் சிறந்த ஒரு வீரருக்கு 1935 முதல் தரப்படுவது ஹைஸ்மன் கோப்பை. விளையாட்டுப் பத்திரிகையாளர்களும் முன்பு அதை வென்றவர்களும் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். யாருக்கு என்று வருடந்தோறும் அந்த நாடே சண்டை போடும். 1956இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஜிம் பிரவுன் என்ற கறுப்பின வீரர் ஒரே ஆட்டத்தில் தனியாளாக 43 புள்ளி எடுத்தவர். கோப்பை போனது நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் பால் ஹோர்னங்குக்கு. அந்த வருடம் ஹோர்னங்கின் அணி வென்றது இரண்டு ஆட்டம், தோற்றது எட்டு. ஜிம் பிரவுனுக்கு ஐந்தாம் இடம். ஹோர்னங் திறமையற்றவர் என்று யாரும் சொல்லவில்லை, நம் ஏரிக்கரைப் பேட்ஸ்மேன் மாதிரிதான். ஆனால் அதுவரை ஒரு கறுப்பினத்தவர்கூட அதை வென்றதில்லை. 1961இல், அதே சிரக்யூஸில், ஜிம் பிரவுன் அணிந்த அதே 44ஆம் எண் சட்டையில் ஆடிய எர்னி டேவிஸ்தான் முதலாமவர். 26 வருடம் ஆனது. இரண்டே வருடத்தில் ரத்தப் புற்றுநோய் அவரை 23 வயதில் கொண்டுபோனது.

அதே 1961இல்தான் இந்திய அரசு தன் விளையாட்டு விருதைத் தொடங்கியது. பெயர் அர்ஜுனா விருது. 1985இல் பயிற்சியாளர்களுக்கு ஒரு விருது வந்தது: துரோணாச்சாரியார் விருது. யோசித்துப் பாருங்கள் தோழர்களே. வில்வித்தையில் அர்ஜுனனை மிஞ்சிய வேடன் மகன் ஏகலைவனின் கட்டைவிரலைக் குருதட்சணையாகக் கேட்டு வாங்கிய ஆசிரியர் அவர். அர்ஜுனனே முதல்வன் என்ற வாக்கு பொய்க்கக் கூடாது என்பதற்காக. தகுதியை வெட்டி எடுத்தவர் பெயரில் ஒரு விருது, வெட்டியதால் முதலிடம் பெற்றவர் பெயரில் இன்னொன்று! இங்கிலாந்துக்காக 15 டெஸ்ட் ஆடி, இந்தியாவுக்காக ஒன்றுகூட ஆடாத ரஞ்சித்சிங்ஜி பெயரில் நம் நாட்டு ரஞ்சிக் கோப்பை இருக்கிறது. பாலு பெயரில் தேசிய அளவில் எதுவும் இல்லை.

அப்படியானால் தேர்வுக்குழுவை ஒழித்துவிட்டுப் புள்ளிக்கணக்கு வைத்தால் சரியாகிவிடுமா? மையத்தில் பலருடைய தீர்வு அதுதான். 2015இல் கேல் ரத்னா விருதுக்கு சானியா மிர்சா பெயர் அறிவிக்கப்பட்டபோது, 2012 லண்டன் பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் வெள்ளி வென்ற கிரிஷா, அரசின் புள்ளிப் பட்டியலில் தனக்கே முதலிடம் என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தை நாடினார். அந்தப் புள்ளிமுறையிலோ டென்னிஸின் கிராண்ட் ஸ்லாம் வெற்றிகளுக்குக் கணக்கே இல்லை. சானியா அந்த வருடம்தான் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றிருந்தார். இருவருக்கும் நியாயம் இருந்தது. எதற்குப் புள்ளி, எதற்கு இல்லை என்று எழுதியவர்கள் இருவரும் இல்லை. அடுத்த பாராலிம்பிக்கில் அதே உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர் நம் பக்கத்து சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன். அவருக்குக் கேல் ரத்னா வந்தது 2020இல்.

கிடைத்த பிறகாவது விடுகிறார்களா? 2021இல் டோக்கியோவில் ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் கோல் போட்ட முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் அணி தோற்றதும் ஹரித்வார் அருகே அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். அதே வருடம் அவருக்கு அர்ஜுனா விருதும் வந்தது.

பாலுவைப் பற்றிப் பேசும்போது நாம் விழுங்கிவிட்டுப் போகக் கூடாத ஒரு பக்கமும் இருக்கிறது. 1932இல் தனித்தொகுதி வேண்டாம் என்ற அணியில் அவர் நின்றார்; பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் உண்டு. 1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை நிறுத்தியது, அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகவே. அம்பேத்கர் 13,245 ஓட்டு, பாலு 11,225. அண்ணலின் வாழ்க்கையைப் படித்த தம்பி ஒருவன் இதைக் கேட்டதும் முகம் சுருங்கி, “அப்ப இவரை எதுக்குக் கொண்டாடணும்?” என்றான். எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. அம்பேத்கருக்கு எதிராகப் பயன்படுத்த ஒரு தலித் நாயகன் தேவைப்பட்டபோது மட்டும் பாலுவின் ‘தகுதி’ எல்லார் கண்ணுக்கும் உடனே தெரிந்தது என்பது எங்களில் சிலரின் வாதம். அவர் யாருடைய கைப்பாவையும் அல்ல, இந்துச் சமூகத்தைத் திருத்திவிட முடியும் என்று உண்மையாகவே நம்பினார் என்பது மற்றவர்களின் வாதம். அரசியலில் அவர் தவறியிருக்கலாம். அந்த 179 விக்கெட்டில் தவறு ஒன்றும் இல்லை. பாலு 1955 ஜூலையில் இறந்தார்.

நம் பையனின் டிபன் பாக்ஸ் மையத்து அலமாரியில் இருக்கிறது, சாக்பீஸ் போட்டுவைக்கிறோம். அந்தப் போட்டியின் கமிட்டியில் காலனியிலிருந்து இருவரைச் சேர்க்க வேண்டும் என்று போன வருடம் எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை. இந்த வருடம் ஸ்கோர் எழுத மட்டும் ஒரு ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிமலைத் தங்கை போகிறாள்.