நான்காம் ஆண்டு ஆய்வேடும் அரசுக் கல்லூரியும்: ஒரு விதியின் மறுவாசிப்பு

நான்காண்டு இளநிலைப் படிப்பில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பட்டத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் 75 விழுக்காடு மதிப்பெண் என்ற வரம்பையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் ஆறு பருவங்களில் அதை எட்டியவருக்கு மட்டுமே நான்காம் ஆண்டில் ஆய்வேடு என்பதால், விதி ஏற்கெனவே வாய்ப்புப் பெற்றவருக்கே சாதகம் என்பது அவர்களது வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அரசுக் கல்லூரியில் கதவு அடைபடும் இடம் வேறு என்றே கருதுகிறேன். 80 விழுக்காடு வாங்கிய மாணவிக்கும் அங்கே ஆய்வேடு கிடைக்காமல் போகலாம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கிரெடிட் கட்டமைப்பில் மாணவருக்கான பகுதி எளிமையானது. நான்கு ஆண்டுகளுக்கு 160 கிரெடிட். அதில் 12 ஆய்வேட்டுக்கு. தகுதி பெற்றவர் பல்கலைக்கழகத்தின் அல்லது கல்லூரியின் ஆசிரியர் ஒருவரது வழிகாட்டலில் அதைச் செய்ய வேண்டும். அந்த ஆசிரியர் யாராக இருக்க வேண்டும் என்பதற்கு அங்கே மேற்கொண்டு நிபந்தனை இல்லை. கடுமையெல்லாம் துறைக்கான விதியில்தான் இருக்கிறது. நூலகம், ஆய்விதழ்கள், கணினி, ஆய்வகம் ஆகியவற்றோடு, முனைவர் பட்ட நெறியாளராக அங்கீகாரம் பெற்ற நிரந்தர ஆசிரியர்கள் இருவராவது துறையில் இருக்க வேண்டும்.

இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வாசிப்பது வழக்கமாகிவிட்டது. நெறியாளர் இருவர்தாம் ஆய்வேட்டையும் வழிநடத்த வேண்டும் என்று பொருள் கொள்கிறார்கள். விதியின் அமைப்பு அப்படிச் சொல்லவில்லை. முதலாவது, மாணவருக்குத் துணை நிற்பவர் யார் என்பதைப் பற்றியது; இரண்டாவது, அந்த இடத்தில் ஆய்வுக்கான சூழல் உண்டா என்பதைப் பற்றியது. சூழலுக்கான சோதனையை ஆளுக்கான சோதனையாக்கினால் என்ன நேரும் என்பதை 2022 நவம்பரின் முனைவர் பட்ட விதிமுறைகளை அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும். அங்கே நெறியாளராக உதவிப் பேராசிரியருக்கு முனைவர் பட்டமும் மூன்று ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் ஐந்து கட்டுரைகள். எல்லோரும் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். இணைவுக் கல்லூரிகளில் முதுநிலைக் கல்லூரிகளையே அவ்விதி குறிப்பிடுகிறது.

ஓர் அரசுக் கல்லூரியின் தாவரவியல் துறையை நினைத்துப் பாருங்கள். துறைத் தலைவர் ஒருவர் நிரந்தரம். மற்ற நால்வரும் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களில் மூவர் முனைவர் பட்டம் பெற்றவர்கள், கட்டுரை வெளியிட்டவர்கள். ஹெர்பேரியம் தாள்களைக் கையில் கொடுத்து மாணவருக்குச் செடிகளை இனம் காணக் கற்றுத்தருவதும், களப்பணிக்கு அழைத்துச் செல்வதும் அவர்கள்தான். விதியின் கணக்கில் அந்தத் துறையில் இருப்பவர் ஒரே ஒருவர். காலிப் பணியிடங்களை நிரப்பாதது அரசு. அதற்கான விலையைக் கொடுப்பவரோ மாணவர். இது எனக்குப் பொறுக்க முடியாத அநீதியாகப் படுகிறது.

விதியை நெகிழ்த்திப் படிக்க முடியும் என்பதற்குக் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் 2024 விதிமுறைகளைச் சான்றாகக் காட்டலாம். அங்கீகாரம் பெற்ற ஆய்வுத் துறையாக இல்லாவிட்டாலும், முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இருவராவது இருந்தால் அங்கே போதும். ஓர் ஆசிரியர் ஐந்து மாணவர்கள் வரை வழிநடத்தலாம். நெறியாளர் அங்கீகாரம் என்ற ஒரு படியை அது எடுத்துவிட்டது. கௌரவ விரிவுரையாளரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்பது அடுத்த கேள்வி. சேர்க்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகள் மூன்றாண்டுப் பட்டத்தைத் தொடர்வதால் இங்கே இந்த விதி உரசிப் பார்க்கப்படவில்லை. ஆனாலும் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி நடக்கும் துறைகள் இங்கும் உண்டு.

தரம் குறையும் என்ற மறுப்பு வரும். தினமும் பாடம் நடத்தத் தகுதியானவர் 12 கிரெடிட் ஆய்வேட்டுக்கு மட்டும் எப்படித் தகுதியற்றவராகிறார் என்பதை மறுப்பவர்கள்தான் விளக்க வேண்டும். ஆய்வேடு இல்லாத ஆனர்ஸ் மாணவரும் நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு இருந்தால் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமே, இழப்பு என்ன என்பது சற்று வலுவான மறுப்பு. ஆய்வேட்டுக்குப் பதில் அவர் மூன்று பாடங்கள் படிக்கிறார். விண்ணப்பிக்கும் தகுதி இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் பல்கலைக்கழகம் தானே நடத்தும் நுழைவுத் தேர்வில் பாதி ஆய்வு முறையியல்; எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. தரவைத் தானே திரட்டி, பிழை கண்டு, திருத்தி எழுதிய அனுபவம் இல்லாதவர் அந்த நேர்காணல் மேசைக்கு முன் எதைக் கொண்டு பேசுவார்?

முனைவர் பட்ட விதிகளே பிற நிறுவனங்களிலிருந்து இணை நெறியாளரை அனுமதிக்கின்றன. அதே ஏற்பாட்டை இளநிலை ஆய்வேட்டுக்கும் நீட்டலாம். அன்றாட வழிகாட்டலைத் துறையின் கௌரவ விரிவுரையாளர் ஏற்கட்டும். அருகிலுள்ள பல்கலைக்கழகத் துறையின் நெறியாளர் ஒருவர் பருவத்துக்கு இருமுறை ஆய்வேட்டைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். கௌரவ விரிவுரையாளரின் வழிகாட்டல் நேரம் அவரது பணிச்சுமையில் கணக்கிடப்பட்டு, அதற்கு ஊதியமும் தரப்பட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் ஏற்பதாக இருந்தால், இந்த யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன்.