சிவப்பு மை

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எய்ட்ஸ் எனக்கு 'சிடா' என்ற பெயரில்தான் முதலில் அறிமுகம். 1983-ல் பாரிசின் பாஸ்தேர் நிறுவனத்தில் அந்தக் கிருமியைக் கண்டறிந்ததைப் பள்ளித் தோழன் ஒருவன் கடிதத்தில் எழுதியிருந்தான். வெளிநாட்டு நோய் என்று விட்டுவிட்டேன். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் அதை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு புள்ளிராஜா விளம்பரம் வந்தது. திருப்பூர் டீக்கடைகளில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை.

கர்ப்பிணிகளைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் கிருமி குழந்தைக்குப் போகும். 1994-ல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வில், நூற்றுக்கு 25 குழந்தைகளுக்குத் தொற்றியது ஏ.இசட்.டி. மருந்தால் 8 ஆகக் குறைந்தது. ஆனால் செலவு அதிகம். 1999-ல் உகாண்டா ஆய்வு எளிய வழி காட்டியது: வலி கண்டதும் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்குக் கொஞ்சம் மருந்துத் தண்ணீர். சில ஆண்டுகளில் நம் அரசு மருத்துவமனைகளுக்கும் அது வந்தது.

அப்போது நான் இந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் எழுத்தர். பெயர் வேண்டாம். தொற்றுள்ளவர் சீட்டின் மூலையில் சிவப்பு மையால் கோடு போடச் சொன்னார்கள். பிரசவ வார்டில் மாத்திரை தர மறக்கக் கூடாதே என்று நானும் போட்டேன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஏழு மாதம் இருக்கும், சீட்டை நீட்டினாள்.

"ஏனுங் சார், எனக்கு மட்டும் எதுக்குங்க சிவப்புக் கோடு?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. "நர்ஸம்மாவைக் கேளம்மா" என்று குனிந்துகொண்டேன். நர்ஸிடம் அவள் போகவில்லை. நேரே வாசலுக்குப் போனாள். அடுத்த மூன்று மாதமும் பிரசவப் பதிவேட்டைப் புரட்டினேன். அவள் பெயர் இல்லை. மாத்திரை அலமாரியில்தான் இருந்தது.

2014 முதல் தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் கூட்டு மருந்து தருகிறார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் குழந்தைக்குத் தொற்றுவது நூற்றுக்கு 5-க்கும் கீழே. 2018-ல் அமலுக்கு வந்த சட்டம், ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது என்கிறது. நான் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் கழித்து வந்த சட்டம் அது.