சிலம்பப் போட்டி: தொட்ட கணக்கும் தரவரிசையும்

சிலம்பப் போட்டி என்பது கம்பேந்திய இருவர் வட்டக் களத்தில் மோதியோ, ஒருவர் தனியே நின்று கம்பு சுற்றிக் காட்டியோ, நடுவர் இடும் புள்ளியால் வெற்றி முடிவாகும் விளையாட்டு. தென்தமிழ்நாட்டில் பாளையக்காரர் ஆட்சி நடந்த வட்டாரங்களில் இதற்கு நெடிய வேர் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அவ்வட்டாரங்களில் அடங்கும். சிலம்பத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு குறை கேட்கும்: போர்க்கலையாக இருந்ததைப் புள்ளிக்கணக்கு கெடுத்துவிட்டது என்பார்கள். வரலாற்றைப் பார்த்தால் இந்தக் குறையில் பாதிதான் உண்மை. கம்பு ஆட்டத்தில் எண்ணிக்கை பழையது. சான்றிதழுக்கு முந்தியது, சிலம்பச் சங்கங்களுக்கும் முந்தியது. புதிதாக வந்தது வேறு: எண்ணப்படுவது எதிராளி மேல் விழுந்த தொடுகை என்பது போய், நடுவர் கண்ணுக்கு வாய்த்த அழகு என்றானது. சிலம்பத்தின் அண்மைக்கால மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இடப்பெயர்ச்சியிலிருந்து பிறந்தவை.

கம்புச் சண்டைக்குச் சங்க இலக்கியத்தில் நேரடிச் சான்று காட்டுவோர் பலர். அவர்கள் காட்டும் வரிகளில் பெரும்பாலானவை வலிந்து பொருள் கொண்டவை. ஒரு கலை பெருமை பெற ஈராயிரம் ஆண்டுப் பழமை தேவையும் இல்லை. ஆனால் ஊரார் பார்த்திருக்க இருவர் பொருது வெற்றி தோல்வி காணும் வழக்கத்துக்குப் புறநானூற்றில் ஐயத்துக்கு இடமில்லாத சான்று உண்டு. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடியிருக்கிறார்கள். சாத்தந்தையார் பாடல் ஒன்று மற்போரின் பிடியை உடலுறுப்பு வாரியாக விவரித்துவிட்டு, மகனோடு மனம் ஒவ்வாத தந்தை தித்தன் இதைப் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தையும் சேர்த்துச் சொல்கிறது. வென்றால் போதாது, வென்றதை உரியவர் பார்த்திருக்க வேண்டும். நடுவர் என்ற ஆளுக்கான தேவை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

விசுவநாத நாயக்கர் காலத்தில் மதுரை நாடு 72 பாளையங்களாக வகுக்கப்பட்டது முதல், ஆயுதப் பயிற்சி இவ்வட்டாரத்தில் அன்றாட வேலையாயிற்று. இராஜபாளையத்தைச் சுற்றிச் சேத்தூர், கொல்லங்கொண்டான், தெற்கே சிவகிரி, அதற்கும் தெற்கே பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் என ஒவ்வொரு பாளையமும் தன் படையைத் தானே வைத்திருந்தது. படைவீரன் போரில்லாத நாளில் ஊர்க்காவலன். காவலுக்குக் கம்பு போதும். பயிற்சிக் களத்தில் வேலும் வாளும் பிடிக்கும் முன் கம்பு பிடித்துக் காலடி பழகினார்கள். இந்தப் பயிற்சியில் விளையாட்டும் கலந்திருந்தது என்பதற்கு நல்ல சாட்சி, பின்னாளில் இதே பாளையக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1795 வாக்கில் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததை 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அந்த ஆசானையே 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் கிழக்கிந்தியக் கும்பினியார் தூக்கிலிட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் கிளைவ் பிரபு வெளியிட்ட பிரகடனம் சிலம்பத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கிறது. பாளையக்காரர் படை வைத்திருக்கும் உரிமை ஒழிந்தது, துப்பாக்கி, நெடுவேல் போன்ற ஆயுதங்கள் தடைசெய்யப்பட்டன, கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆங்கிலேயர் சிலம்பத்தையே தடை செய்தார்கள் என்று மேடைகளில் சொல்லப்படுவது மிகை. தடைக்கு இலக்கானவை போர் ஆயுதங்கள். ஆடு மேய்ப்பவனிடமிருந்தும் வயல்காவல்காரனிடமிருந்தும் கம்பைப் பிடுங்க எந்த அரசாலும் முடியாது. ஆக, மற்றவை போனபின் எஞ்சி நின்றது கம்பு. படைக்கு ஆள் சேர்க்கும் பாளையம் போனதால் அந்தக் கம்பைப் பழகுவதற்கான காரணமும் மாறியது. அம்மன் கோயில் பொங்கல், முளைப்பாரி ஊர்வலம், சில ஊர்களில் மொகரம் ஊர்வலம் என விழா நாட்கள் அந்தக் காரணத்தை வழங்கின. போர்க்கலை விளையாட்டாக மாறியது இருபதாம் நூற்றாண்டுச் சங்கங்களால் அல்ல. அதற்கு நூறாண்டுக்கு முன்பே, படை கலைந்த அன்றே, அந்த மாற்றம் தொடங்கிவிட்டது.

விழாக்களில் நடந்த மோதலுக்கு விதிகள் இருந்தன. எழுதப்படவில்லை, அவ்வளவுதான். கம்பின் நுனியில் மாவோ சாயமோ தடவி ஆடுவது ஒரு முறை. ஆட்டம் முடிந்தபின் உடலில் விழுந்த அடையாளங்களை எண்ணினால் முடிவு தெரிந்துவிடும். எதிராளியின் நெற்றியில் கம்பு நுனியால் பொட்டு வைத்துவிட்டால் மற்ற எண்ணிக்கைக்கு வேலையில்லை, அதுவே முழு வெற்றி. கால்களுக்கிடையே வைத்த பணமுடிப்பைக் காப்பது இன்னொரு முறை. எதிராளி அதைத் தட்டிச் சென்றால் ஆட்டம் போயிற்று. இவற்றின் நுட்பம் கவனிக்கத்தக்கது. காயப்படுத்தக்கூடியவன் காயப்படுத்தாமல் அடையாளம் மட்டும் வைக்கிறான். கம்பைத் தடுத்து நிறுத்தும் கை வன்மைதான் அங்கே திறமை. அடையாளம் உடம்பிலேயே இருப்பதால் நடுவரின் நேர்மை பற்றிய சச்சரவும் குறைவு. ஊர்ப்பகையும் சாதிப்பகையும் எளிதில் மூளும் வட்டாரத்தில், தோற்றவனே மறுக்க முடியாத கணக்கு இருந்தது சிறிய ஏற்பாடல்ல.

இதே பாதையை ஐரோப்பியக் குதிரைவீரர் போட்டிகளும் கடந்து வந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவை ஏறக்குறையப் போர்தான். உயிர்ச்சேதம் கண்டு 1130இல் கிளெர்மோன் சபையில் திருச்சபை அவற்றைத் தடை செய்தது. 1316இல்தான் தடை நீங்கியது. பிறகு முனை மழுங்கிய ஈட்டி வந்தது, குதிரைகளுக்கிடையே தடுப்பு வந்தது, கடைசியில் கணக்கு வந்தது. 1466இல் இங்கிலாந்தின் வூஸ்டர் பிரபு ஜான் டிப்டாஃப்ட் எழுதிய விதிகள் முறிந்த ஈட்டிகளை எண்ணச் சொல்கின்றன. எந்த இடத்தில் பட்டு முறிந்தது என்பதும் கணக்கில் சேரும். கட்டம் போட்ட தாளில் கோடு கிழித்து எழுதிய அந்தக் காலத்துக் கணக்குச் சீட்டுகள் சில இன்றும் உள்ளன. எண்ணிக்கை வந்தபின்னும் ஆபத்து போய்விடவில்லை: 1559இல் பிரான்சு அரசர் இரண்டாம் ஹென்றி இப்படியொரு போட்டியில் ஈட்டிச் சிலாம்பு கண்ணருகே பாய்ந்து இறந்தார். புள்ளி வந்ததால் வீரம் போயிற்று என்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும். ஆட்டத்தைக் கைவிடாமல் ஆட்களைக் காப்பாற்ற வழி தேடியபோதே புள்ளி பிறந்தது, அங்கும் இங்கும்.

சிலம்பத்தின் விதிகளைத் தாளில் ஏற்றிய முயற்சிகளில் ஜே. டேவிட் மேனுவல் ராஜின் பணி முதன்மையானது. காரைக்குடியிலிருந்து 1971இல் அவர் வெளியிட்ட நூல் சிலம்பத்தின் நுட்பத்தையும் மதிப்பீட்டையும் பற்றியது. 1977இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சிலம்பத்தின் தோற்ற வளர்ச்சியை ஆய்வேடாக்கினார். உடற்கல்வித் துறையின் கண்ணோடு பார்த்ததால் சிலம்பம் அவருக்கு வாள்வீச்சு விளையாட்டின் இனமாகத் தெரிந்தது. எதை அளக்கலாம் என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. ஆனால் வாள்வீச்சுக்கு வாய்த்த வசதி கம்புக்கு வாய்க்கவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலேயே எப்பே வாள்வீச்சில் தொடுகையை மின்கருவி காட்டிக்கொடுத்தது. சிலம்பக் கம்பு ஆளின் நெற்றி உயரம்; இரு நுனியும் அடிக்கும், இரு கையும் மாறும். கம்பி கட்டி ஆட முடியாது. நடுவரின் கண்ணே கருவி. ஒரே நொடியில் இருவரும் தொட்டுவிட்டால் அந்தக் கண்ணும் திணறும்.

இந்தத் திணறல்தான் தனித்திறப் பிரிவுகள் பெருகியதற்கு ஒரு காரணம். இன்று போட்டிகளில், எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை ஒரு பிரிவு. ஒற்றைக்கம்பு வீச்சு, இரட்டைக்கம்பு, சுருள்வாள், மான்கொம்பு, அலங்கார வீச்சு என எதிராளி இல்லாத பிரிவுகள் பல. அவற்றில் காலடி, வேகம், கம்பு நழுவாமை, நிமிர்ந்த நிலை ஆகியவற்றைப் பார்த்து நடுவர் மதிப்பெண் போடுகிறார். காயம் இல்லை, ஒரே பகலில் நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியரை ஆடவைக்கலாம், மேடைக்கும் அழகு. திரைப்படமும் இந்தப் பக்கமே சாய்ந்தது. ரிக்‌ஷாக்காரன் (1971) படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் இருந்தபடி கம்பு சுற்றியதைப் பார்த்துக் கைதட்டிய தலைமுறைக்கு, சிலம்பம் என்றால் சுழற்சி. பல மணி நேரம் நிறுத்தாமல் சுற்றும் ‘உலக சாதனை’ நிகழ்ச்சிகள் இதன் மிகையான பிள்ளை. தாக்கவும் தடுக்கவும் ஆளில்லாத சுழற்சி எவ்வளவு நேரம் நீண்டாலும் அதனால் சிலம்பத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இதற்கு வலுவான எதிர்வாதம் உண்டு. தனித்திறப் பிரிவுகள் இல்லாவிட்டால் சிலம்பம் இவ்வளவு பேரை எட்டியிருக்காது, பெண் பிள்ளைகளை இவ்வளவு எண்ணிக்கையில் களத்துக்குக் கொண்டுவந்திருக்காது என்பார்கள். உண்மை. தந்தை வழியாகவும் சாதி வழியாகவும் சுருங்கிக் கிடந்த பயிற்சிக் கூடங்களைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்தது போட்டியும் சான்றிதழும்தான். வீச்சுப் பயிற்சி அடிப்படை என்பதையும் மறுக்க முடியாது. காலடியும் வீச்சும் சரியாக வராதவன் தொடுமுறையில் நிற்கமாட்டான். ஆனால் பயிற்சிக்கு அடிப்படையாவது போட்டிக்கு இறுதியாக வேண்டியதில்லை. அடிப்படையையே இறுதிப் பரிசுக்கு உரியதாக்கினால் ஆசான்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள், நிறுத்திக்கொண்டும் இருக்கிறார்கள். பெண்கள் தொடுமுறைக்கு ஏற்றவர்கள் அல்லர் என்பது போலப் பிரிவுகளை அமைப்பதற்கும் காரணம் ஏதும் இல்லை. எடைப்பிரிவும் தலைக்கவசமும் இருபாலர்க்கும் பொது.

அரசின் அங்கீகாரம் வந்தபின், எதற்குப் பரிசு என்ற கேள்வியின் எடை கூடியது. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது. 2023 முதல் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கபடியோடு சிலம்பமும் இடம்பெற்றது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக அரங்கேறியது. இராஜபாளையத்துச் சிறுமியும் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சிறுவனும் மாநிலக் களத்துக்குப் போகும் வழி இன்று விருதுநகர் மாவட்டப் போட்டி வழியாகத்தான். மாவட்டம் என்ற அந்த எல்லையும் பழையதல்ல: 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, பிறகு இராமநாதபுரத்தில், 1985 முதல்தான் இன்றைய மாவட்டத்தில். தன் ஆட்ட மரபை நெற்கட்டும்செவல் பக்கத்தோடு பகிரும் ஊர், போட்டியில் மட்டும் அருப்புக்கோட்டையோடு சேர்ந்து நிற்கிறது.

இவ்வளவு நடந்தும் சிலம்பத்தில் உண்மையான தரவரிசை என்று ஒன்று இல்லை. ஒரு போட்டியில் முதல், இரண்டு, மூன்று உண்டு. அடுத்த போட்டியில் வேறு சங்கம், வேறு விதி, வேறு முதல், இரண்டு, மூன்று. இரண்டு ‘மாநில முதலிடம்’ சந்தித்துக்கொள்ளாமலே ஆண்டுகள் கழியும். சதுரங்கத்தை எடுத்துக்கொண்டால், ஆர்பாட் எலோ வகுத்த முறையை 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றது. அதில் யாரை வென்றாய் என்பதற்கே மதிப்பு. பலவீனனைப் பத்துமுறை வென்றாலும் பெரிதாக ஏறாது. இம்முறை தொடுமுறைக்குப் பொருந்தும், தனித்திறப் பிரிவுக்குப் பொருந்தாது. காரணம் எளிது: எதிராளி இல்லாத ஆட்டத்தில் யாரை வென்றாய் என்ற கேள்விக்கே இடமில்லை. கலையை எண்ணாக்கிவிடலாமா என்று சில ஆசான்கள் கேட்கக்கூடும். இப்போதும் எண்தான் போடப்படுகிறது; ஆனால் அந்த எண் அன்று மாலையே செத்துவிடுகிறது, சான்றிதழ் மட்டும் வாழ்கிறது. நிலைத்து நிற்கும் பொதுக்கணக்கு வந்தால், பதக்க எண்ணிக்கை காட்டி மாணவர் சேர்க்கும் கூடங்களுக்குத்தான் சங்கடம்.

இந்தப் பொதுக்கணக்கைத் தொடங்க மாநில ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கூடங்கள் தங்களுக்குள் ஒரே தொடுமுறை விதியை ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு மோதலிலும் ஆடியவர், வயது, எடை, தொட்ட எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு பொதுப் பேரேட்டில் எழுதி, ஆண்டுக்கு இருமுறை தரவரிசையை வெளியிட்டால் போதும். நெற்றிப் பொட்டுக்கு முழு வெற்றி என்ற பழைய விதியையும், தகுந்த முகக்கவசத்தோடு, அதில் சேர்த்துக்கொள்ளட்டும். வரும் பொங்கல் விழாப் போட்டிகளிலேயே ஆசான்கள் இதைத் தொடங்க வேண்டும்.